கண்ணாடிக் கலத்துள் ஒரு சிறு குளம்

நீர்வாழ் உயிர்களைப் பற்றி நூல்களிற் படித்துத் தேர்வெழுதும் மாணவர் பலர். அவ்வுயிர்களுள் ஒன்றையேனும் பிறப்பு முதல் இறப்பு வரை கண்ணாரக் கண்டவர் மிகச் சிலர். குளக்கரைக்குச் சென்று நோக்கலாமெனின், கலங்கிய நீரினுள் நிகழ்வன கட்புலனாகா. ஆய்வுக்கூடத்துப் புட்டிகளில் மிதப்பனவோ உயிர் நீத்த உடல்கள். இக்குறையை ஒருவாறு நீக்குதற்கு எளிய வழி ஒன்றுண்டு. சாளரத்தருகே ஒரு சிறு கண்ணாடித் தொட்டியை வைத்து, அதனுள் மண்ணிட்டு, நீர்ச்செடிகளை நட்டு, சிற்றிறால்கள் சிலவற்றை வாழவிடுதலே அவ்வழி. இதற்குப் பெரும்பொருட் செலவில்லை. பொறிகளும் மருந்துகளும் மிகுதியாக வேண்டா. பொறுமை ஒன்றே பெரிதும் வேண்டப்படுவது. இத்தொட்டியை அமைக்கும் முறையையும், அம்முறைக்குரிய காரணங்களையும், யாம் செய்த பிழையொன்றையும் ஈண்டு எடுத்துரைப்பாம்.

1. இம்முறை தோன்றிய வரலாறு

1771-ஆம் ஆண்டில் யோசேப்பு பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர், மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றினுள் ஒரு புதினாக் கிளையை வைத்துச் சில நாள் கழித்து நோக்க, அக்காற்றில் மீண்டும் மெழுகுவத்தி எரியக் கண்டார். செடியின் இத்தொழில் வெளிச்சத்தில் மட்டுமே நிகழ்வதென்றும், பசிய பாகங்களே அதனைச் செய்வனவென்றும் 1779-ஆம் ஆண்டில் இஞ்சன் ஹவுஸ் என்பார் நிறுவினார்.

இவ்வுண்மையை நீரினுள் ஆய்ந்து பார்த்தவர் இலண்டன் மாநகரத்து இரசாயன அறிஞராகிய இராபர்ட்டு வாரிங்டன். அவர் ஒரு கண்ணாடிக் கலத்தில் மணலும் நீரும் இட்டு, வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, பொன்மீன்கள் இரண்டை விட்டார். சில காலத்திற்குப்பின் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கெடுக்கலாயின. அப்பொழுது குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட, அவை அழுகலைத் தின்று நீரைத் தெளிவித்தன. இவ்வாய்வினை அவர் 1850-ஆம் ஆண்டில் வெளியிட்டார். உயிரும் செடியும் மட்டுமன்றி, கழிவை உண்டு ஒழிக்கும் மூன்றாவது ஒன்றும் வேண்டும் என்பதே அவர் கண்ட பெரும்பயன். மூன்றாண்டு கழித்து, 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்கள் காணுதற்குரிய நீர்வாழ்வன கூடம் திறக்கப்பட்டது.

நம் காலத்தில் இம்முறையை மீட்டும் விளக்கியவர் அமெரிக்கராகிய தயானா வால்ஸ்டட் அம்மையார். தோட்டத்து மண்ணே செடிக்குப் போதிய உணவாம் என்றும், செழித்த செடிகளே நீரைத் தூய்மை செய்வன என்றும் 1999-இல் வெளிவந்த தம் நூலிற் காரணங்காட்டி விளக்கினார். யாம் கூறும் முறையும் பெரும்பாலும் அவர் காட்டிய நெறியைத் தழுவியதே.

2. நீரினுள் நிகழும் சுழற்சி

செயலில் இறங்குமுன் காரணத்தை அறிந்துகொள்ளல் நன்று. இறால் உண்டு கழிப்பதினின்றும், மிஞ்சிய இரையும் உதிர்ந்த இலையும் அழுகுவதினின்றும் அமோனியா என்னும் நச்சுப்பொருள் நீரில் உண்டாகின்றது. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் மிகுந்தோறும் இதன் நச்சுத்தன்மையும் மிகும். நுண்ணுயிர் வகையொன்று இதனை உண்டு நைட்ரைட்டாக மாற்றும், இதுவும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர் அந்நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது சிறிய அளவில் தீங்கு செய்வதன்று. இந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்து இவற்றின் தொழிலை 1890-ஆம் ஆண்டையொட்டி விளக்கியவர் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர். செடிகளோ, அமோனியாவையும் நைட்ரேட்டையும் தமக்கு எருவாகக் கொள்வன.

ஈண்டு மாணவர் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்று. மேற்கூறிய நுண்ணுயிர்கள் புதுத்தொட்டியில் போதிய அளவு இரா. அவை மண்ணிலும் மணலிலும் இலைப்புறத்திலும் ஒட்டிப் பெருகுதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆதலின், கண்ணுக்குப் பளிங்குபோல் தெளிந்து நிற்கும் புதுநீர், இறாலுக்கு நஞ்சாயிருத்தல் கூடும். தெளிவு வேறு, தூய்மை வேறு.

3. யாம் செய்த பிழை

இவ்வுண்மையை யாம் நூலிற் படித்திருந்தும் உணர்ந்திலேம். கல்லூரி நாள் விழாக் காட்சியில் வைத்தற்பொருட்டு முதன்முதல் ஒரு தொட்டி அமைத்தோம். விழாவுக்கு ஒரு வாரமே எஞ்சியிருந்தது. பூஞ்செடிப் பாத்தியினின்று மண்ணை அள்ளி இட்டோம். அதில் மாட்டெரு கலந்திருந்ததைப் பொருட்படுத்தவில்லை. நான்காம் நாள் நீர் தெளியவே, பன்னிரண்டு சிவப்பு இறால்களை வாங்கி விட்டோம். அவை இளைத்துவிடுமோ என்று அஞ்சி, இரையும் தாராளமாக இட்டோம். அன்று மாலை அவை தொட்டி முழுதும் ஓய்வின்றி நீந்தித் திரிந்தன. பார்த்த மாணவர் மகிழ்ந்தனர், யாமும் மகிழ்ந்தோம். அஃது அவை நஞ்சினின்று தப்ப வழி தேடி அலைந்த அலைச்சல் என்பதைப் பின்னரே அறிந்தோம். மூன்றாம் நாட்காலை பன்னிரண்டும் வெளுத்து ஒருக்கணித்துக் கிடந்தன. விழா நாளில் எமது மேசை வெறுமையாக இருந்தது.

பிறர் காண வேண்டும் என்னும் விருப்பம் எம் கையை விரைவுபடுத்திற்று. அதன் விலையைக் கொடுத்தவை அவ்வுயிர்கள். இக்கட்டுரையை எழுதுதற்கு முதற்காரணமும் அதுவே. இதனைப் படித்துத் தொட்டி அமைப்போர் எவரும் அப்பிழையைச் செய்யாதிருப்பாராக.

4. தொட்டியும் இடமும்

உள்ளளவு 45 சென்டிமீட்டர் நீளமும், 25 சென்டிமீட்டர் அகலமும், 30 சென்டிமீட்டர் உயரமும் உடைய தொட்டி போதியது. அடியில் மண்ணும் மணலும் 5 சென்டிமீட்டர் கொள்ள, மேலே 3 சென்டிமீட்டர் வெற்றிடம் விட, எஞ்சிய 22 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 25 லிட்டர் நீர் நிற்கும். இதனினும் மிகச் சிறிய கலத்தை முதன்முறை கொள்ளுதல் நன்றன்று. நீர் குறையக் குறைய, வெப்பமும் கழிவும் விரைவில் ஏறும்.

நீரும் மண்ணும் கண்ணாடியும் கூடிய பாரம் 35 கிலோவுக்கும் மேற்படுமாதலால், மேசை உறுதியும் மட்டமும் உடையதாயிருத்தல் வேண்டும். நீர் நிறைந்த தொட்டியை ஒருகாலும் நகர்த்தலாகாது. நண்பகல் வெயில் படும் இடத்தை விலக்குக. காலை இளவெயில் சிறிது நேரம் படுதல் தீங்கன்று. ஒளி போதாவிடத்து, சிறு எல்.இ.டி. விளக்கொன்றை நாளொன்றுக்கு 8 மணி நேரம் எரிக்கலாம். காலை 4 மணி நேரமும் மாலை 4 மணி நேரமுமாகப் பகுத்து, இடையே ஓய்வு விடுதல் சிறப்பு. அவ்வோய்வில் நீரிற் குறைந்த கரியமிலவாயு மீட்டும் நிறையும். செடியின் முதலுணவு அதுவேயன்றோ?

5. மண்ணிடுதல்

எருவும் செயற்கை உரமும் பூச்சிமருந்தும் கலவாத வெறுந்தோட்ட மண்ணைக் கொள்க. அதனை உலர்த்தி, வேர், குச்சி, கல் முதலியன நீங்கச் சலித்து, இருமுறை நீரிற் கரைத்து மிதப்பனவற்றை வடித்துவிடுக. அச்சேற்றை 2 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்புக. அதன்மேல், கழுவிய நீர் தெளிவாக வரும்வரை அலசிய பருமணலை 3 சென்டிமீட்டர் கனத்திற்கு மூடுக. மண் செடிக்கு உணவு. மணல் அம்மண் நீரிற் கலங்காது காக்கும் மூடி. மண்ணை இதனினும் ஆழமாக இடுவோர், அடியிற் காற்றுப் புகாது அழுகி நாற்றமெழக் காண்பர்.

6. செடி நடுதல்

செடிகளை முதல் நாளிலேயே நிறைய நடவேண்டும் என்பது இம்முறையின் உயிர்நாடி. இரண்டொரு செடியை நட்டு, அது பெருகட்டும் எனக் காத்திருப்போர் தொட்டியில் பச்சைப்பாசியே பெருகும். மணற்பரப்பில் முக்காற்பங்கேனும் செடி மறைக்குமாறு நடுக. பின்வரிசைக்கு நாடாப் போன்ற இலையையுடைய வாலிஸ்நேரியாவும், விரைந்து வளரும் ஐதரில்லாவும் ஏற்றவை. நடுவரிசைக்கு நம் வயலோரங்களிற் காணும் நீர்ப்பிரமி தகும். நிழல் மூலைக்குக் கிரிப்டோகொரைன் பொருந்தும். புதிதாக நட்டதும் இதன் இலைகள் கரைந்து போவதுண்டு, வேர் பிழைத்திருப்பின் மீண்டும் தளிர்க்கும். சாவகப் பாசி என்னும் செடியை ஒரு சிறு மரத்துண்டிற் கட்டி வைக்க, அஃது இறாற்குஞ்சுகளுக்குப் புகலிடமாகும்.

கடையில் வாங்கிய செடிகளிற் பூச்சிமருந்து ஒட்டியிருத்தல் கூடும். குளத்தினின்று கொணர்ந்தவற்றில் தும்பியின் இளம்புழு ஒளிந்திருத்தல் கூடும். முன்னது எல்லா இறால்களையும் ஒருங்கே கொல்லும். பின்னது நாடோறும் ஒன்றாகப் பிடித்துத் தின்னும். ஆதலின் எச்செடியையும் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்து, நீரை அடிக்கடி மாற்றி, நன்கு ஆராய்ந்த பின்னரே நடுக.

7. நீர் நிரப்புதலும் காத்திருத்தலும்

மணலின்மேல் ஒரு தட்டை வைத்து, அத்தட்டின்மேல் மெல்ல நீரை ஊற்றினால் மண் கலங்காது. குழாய்நீரிற் குளோரின் கலந்திருப்பின், அகன்ற வாளியில் ஒருநாள் முழுதும் திறந்து வைக்க, அது பெரும்பாலும் நீங்கும். குளோரமீன் கலந்த நீருக்கு இம்முறை பயன்படாது. சோடியம் தயோசல்பேட்டு முதலியவை அடங்கிய நீர்மருந்தை அளவறிந்து சேர்த்தல் வேண்டும். கிணற்று நீர் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து உடையதாகலின் இவ்விறாலுக்கு நன்றே. எனினும் உவர்நீர் ஆகாது. மழைநீரிலும், வீடுகளிற் குடிநீருக்காக வடித்தெடுக்கும் பொறியின் நீரிலும் இச்சத்து இன்மையால், அவற்றை மட்டுமே நிரப்புவோர் கிளிஞ்சற்றுண்டு சிலவற்றைக் கழுவித் தொட்டியில் இடுக.

முதல் இரண்டு வாரத்தில் மண்ணினின்று அமோனியா மிகுதியாக வெளிப்படும். மூன்று நாட்கொருமுறை மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுக. நீர் வெண்மையாகக் கலங்கலாம், பழுப்பேறலாம், பாசி படரலாம். இவற்றிற்கு அஞ்சவேண்டா. நத்தைகள் சில தாமே தோன்றின் அவற்றை ஒழிக்கவும் வேண்டா. வாரிங்டனின் தொட்டியைக் காத்தவை அவையே. நான்கு முதல் ஆறு வாரம் இவ்வாறு செடியை மட்டும் வளர்த்து, பின் சோதனைக் குப்பிகளால் நீரைச் சோதிக்க. அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென இரண்டு வாரம் தொடர்ந்து காட்டினாலன்றி இறாலை விடற்க.

8. இறாலின் இயல்பும் அதனை விடும் முறையும்

தொடங்குவோர்க்கு ஏற்றது நியோகாரிடினா என்னும் பேரினத்துச் சிவப்பு இறால். கிழக்காசிய நன்னீர் ஓடைகள் இதன் தாயகம். ஆங்கு இது பழுப்பும் பசுமையும் கலந்த மங்கிய நிறத்ததே; செந்நிறம் மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்ததனால் வந்தது. நீலம், மஞ்சள் முதலிய பிற நிறத்தனவும் இவ்வினத்தில் உண்டு. இவற்றை ஒரே தொட்டியிற் கலந்து விட்டால், தலைமுறை செல்லச் செல்லக் குஞ்சுகள் பழைய மங்கல் நிறத்திற்கே திரும்பும். மரபியல் பயிலும் மாணவர்க்கு இஃதொரு நல்ல பாடம்.

வளர்ந்த இறால் 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளமுடையது. பெண் பெரிதாயும் நிறம் மிக்கதாயும் இருக்கும். வாழ்நாள் ஓராண்டு முதல் இரண்டாண்டு. நீரின் பி.எச். எண் 6.5 முதல் 8 வரையும், வெப்பம் 20 முதல் 26 பாகை சென்டிகிரேட் வரையும் இதற்கு இனியவை.

முதலிற் பத்து இறால்கள் போதும். வாங்கிவந்த நீரோடு அவற்றை ஒரு கிண்ணத்தில் விட்டு, தொட்டியினின்று மெல்லிய குழாயொன்றை இட்டு, துளித்துளியாகத் தொட்டிநீர் கிண்ணத்தில் விழச் செய்க. ஒன்றரை மணி நேரத்தில் கிண்ணத்து நீர் மும்மடங்காகுமாறு குழாயை முடிச்சிட்டு அளவு செய்தல் வேண்டும். பின் இறால்களை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுக. விரைந்து நீர் மாற்றினால் அவை அதிர்ச்சியுற்று, காலமல்லாக் காலத்துத் தோலுரித்து மடியும்.

9. உணவும் நாட்பணியும்

இலையிலும் கல்லிலும் படியும் நுண்பாசியே இவற்றின் முதலுணவு. நாள் முழுதும் இடுக்கிபோன்ற சிறு கைகளால் அதனைக் கிள்ளி உண்டுகொண்டேயிருக்கும். ஆதலின் வாரத்தில் இரண்டு மூன்று முறை சிறிதளவு இரையிட்டாற் போதும். மருந்து தெளிக்காத கீரையை வேகவைத்து ஒரு சிறு துண்டு இடலாம். எஞ்சியதை மூன்று மணி நேரத்திற்குள் எடுத்துவிடுக. தானே உதிர்ந்து உலர்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைத் தொட்டியில் இட்டுவைக்க, அது மெல்ல மெல்ல மட்கிப் பல வாரங்களுக்கு உணவாகும். பசியால் இறந்த இறாலினும் மிகையிரையால் இறந்த இறாலே மிகுதி என்பதை நினைவிற் கொள்க. விடுமுறையில் இரண்டு வாரம் எவரும் இரையிடாவிடினும் பாசி படர்ந்த பழந்தொட்டியில் அவை நலமாக வாழும்.

ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக மழைநீரையோ வடித்த நீரையோ ஊற்றுக. ஆவியாவது நீர் மட்டுமே. உப்புகள் தங்கிவிடுமாதலின், குறைந்த அளவுக்கு மீண்டும் மீண்டும் கிணற்று நீரையே சேர்த்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரமொருமுறை பத்திலொரு பங்கு நீரை மாற்றி, மிக வளர்ந்த செடிகளைக் கத்தரித்து வெளியேற்றுக. கத்தரித்தெடுத்த ஒவ்வொரு பிடி செடியும் நீரினின்று நீக்கப்பட்ட கழிவேயாகும்.

10. காக்கவேண்டிய தீங்குகள்

முதலாவது, வெப்பம். 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் 7.6 மில்லிகிராமே. இரவிற் செடிகளும் பிராணவாயுவையே உட்கொள்வன. ஆதலின் நம் நாட்டுக் கோடையில் விடியற்காலையே இறாலுக்கு இடுக்கண் மிக்க காலம். நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியைச் சுழலவிட்டால், ஆவியாதலால் நீர் இரண்டு மூன்று பாகை குளிரும். சிறு காற்றுப்பொறி ஒன்றை இரவில் இயக்குதலும் நன்று.

இரண்டாவது, பூச்சிமருந்து. இறாலும் கொசுவும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருங்குலத்தன. கொசுவைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. தொட்டி இருக்கும் அறையில் அம்மருந்தைத் தெளித்தலும் புகைத்தலும் ஆகா. மீன் இல்லாத் தொட்டியிற் கொசு முட்டையிடுமன்றோ எனின், மெல்லிய வலையால் வாயை மூடுக.

மூன்றாவது, செம்பு. இறாலின் குருதியில் பிராணவாயுவைச் சுமப்பது செம்பு கலந்த பொருளே. ஆயினும் நீரிற் கரைந்த செம்பு மிகச் சிறிதாயினும் அதற்கு நஞ்சு. செப்புக் குடத்து நீரையும், செம்பு கலந்த மீன் மருந்துகளையும் விலக்குக.

11. காணத்தக்கவை

தொட்டி நிலைபெற்றபின் மாணவர் ஒரு குறிப்பேடு வைத்து, நாடோறும் காலையும் மாலையும் வெப்பத்தையும் கண்டவற்றையும் எழுதிவருக. வெளிச்சத்தில் இலைநுனியினின்று எழும் பிராணவாயுக் குமிழிகளைக் காணலாம். ஒருநாள் இறாலின் வடிவம் முழுதும் மாறாத வெற்றுத்தோல் ஒன்று மணலிற் கிடக்கும். அதனை இறந்த இறால் என்று எண்ணி எடுத்தெறியற்க. வளரும்பொருட்டு அது கழற்றிய சட்டை அது; அதிலுள்ள சுண்ணாம்பை இறால்களே தின்று மீட்டுக்கொள்ளும். பெண்ணின் பிடரியில் மஞ்சள் நிறச் சேணம் போன்றதொன்று தோன்றின், அது சூலகத்தில் முதிரும் முட்டைத்திரள். தோலுரித்துப் புணர்ந்தபின் அம்முட்டைகள் வயிற்றின் கீழுள்ள நீந்துகால்களிடையே வந்து ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் இருபது முப்பது இருக்கும். தாய் மூன்று நான்கு வாரம் அவற்றைச் சுமந்து, கால்களால் ஓயாது விசிறி நீரோட்டம் உண்டாக்கும். பொரிக்குமுன் ஒவ்வொரு முட்டையிலும் இரு கருங்கட்புள்ளிகள் தெரியும். பொரித்த குஞ்சு தாயின் உருவையே சிறிதாக்கியதுபோல் இருக்கும்.

எமது இரண்டாம் தொட்டிக்கு யாம் ஏழு வாரம் காத்திருந்தோம். காட்டுதற்கு ஒன்றுமில்லாத அத்தொட்டியைக் கண்டு, வெறும் புல்லை வளர்ப்பது எதற்கு என்று வினவினோரும் உண்டு. இறால் விட்ட மூன்றாம் திங்களில் ஒருநாட்காலை, ஒரு மாணவர் கண்ணாடியில் முகம் ஒட்ட நின்று, பாசியினுள் ஏதோ தூசி நடக்கிறது என்றார். குனிந்து நோக்கினோம். இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சொன்று, தாயைப்போலவே சிறு கைகளால் உணவைக் கிள்ளிக்கொண்டிருந்தது. அன்று யாம் அடைந்த உவகை எவ்விழாக் காட்சியிலும் அடைந்ததன்று.

12. முடிவுரை

இறுதியாக ஒரு கடமை. தொட்டியிற் பெருகிய இறாலையோ செடியையோ நத்தையையோ, இரக்கங் கருதியும், நம் குளத்திலோ ஆற்றிலோ விடலாகாது. இந்நாளில் நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை, தென்னமெரிக்காவினின்று அழகின்பொருட்டுக் கொணரப்பட்டதே. மிகுந்தவற்றைப் பிற மாணவர்க்கு அளித்து, அவர்களும் தொட்டி அமைக்கத் துணை செய்க.

25 லிட்டர் நீரில் நாம் அமைப்பது ஓர் உலகம். அதனுள் உள்ள உயிர்கள் வெளியேறிச் செல்லவும் அறியா; தம் துன்பத்தைச் சொல்லவும் அறியா. அவற்றின் வாழ்வும் சாவும் நம் கவனத்தையே சார்ந்துள்ளன. உயிர்களை ஆளுமாறு மனிதனுக்கு அளிக்கப்பட்ட உரிமை, அவற்றைக் காக்கும் பொறுப்பேயாம் என்பதைச் சாளரத்தருகே நிற்கும் இச்சிறு கண்ணாடிக்குளம் நாடோறும் நமக்கு நினைவூட்டும். வரும் ஆண்டில் நம் கல்லூரி விடுதிகளில் இத்தகைய தொட்டிகள் சிலவேனும் தோன்றுமாயின், எமது முதற்றொட்டியின் இழப்பு முற்றும் வீணாயிற்றென்று யாம் கருதோம்.